வராமல் போன பெட்டி

கோர்வாலிஸ், ஆரிகன்
மார்ச் 16

அன்புள்ள கொரீன்,

வராமல் போன ஒரு பெட்டிக்கு யாருக்கு நன்றி சொல்வது? ஒரு வாரமாக யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் தீவனக் கடையின் போன் கவுண்டர்மேல் இருக்கிறது. காலை முழுவதும் ஃபிளாய்டும் அவருடைய கூட்டாளிகளும் காபிக் கோப்பையோடு அதைச் சுற்றி நிற்பார்கள். நான் கேட்கப்போவது அவர்கள் காதில் விழக்கூடாது. இமெயில் என்றால் நீங்கள் பார்க்கப்போவதில்லை.

போன வாரம் ரேமன் இங்கே வந்திருந்தான். வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு ஏதோ ஒரு பாகம் வாங்க வந்தவன், இரவு என் வீட்டில் தங்கினான். போன கோடையில் தீ வந்து வீட்டையும் பாதி மாடுகளையும் கொண்டுபோன பிறகு என் அண்ணன் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். அம்மா செய்கிற மாதிரி கொரிசோ தொத்திறைச்சி போட்டு பீன்ஸ் செய்திருந்தேன். இரண்டாவது தட்டு போட்டுக்கொண்டே, மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான்:

“பிப்ரவரில ஆன்லைன்ல ஒரு பெட்டி தோட்டா வாங்குனேன் மைத்தே. அப்பா துப்பாக்கிக்கு. அது வந்திருந்தா இன்னைக்கு இந்த பீன்ஸ நீ வேற யாருக்காவதுதான் போட்டிருப்ப.”

என் கையில் கரண்டி இருந்தது. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன். எங்கள் குடும்பத்தில் இதையெல்லாம் யாரும் பேசமாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

“கூரியர்க்காரன் எங்கயோ தொலச்சிட்டான். சோம்பேறிப் பய. நல்லா இருக்கட்டும் அவன்,” என்றான். இப்போது வாரம் ஒருமுறை மருத்துவ நிலையத்தில் ஒருவரிடம் பேசப் போகிறானாம். “மொதல்ல எரிச்சலா இருந்துச்சு. இப்ப பழகிருச்சு,” என்றான். பிறகு ரொட்டி கேட்டான்.

நான் மண்ணை ஆய்வு செய்து பிழைப்பவள். எதையும் லேசில் நம்புவதில்லை. அஞ்சலகம் தோட்டாவைத் தொடாது. கூரியர் வண்டி நம் சரளைப் பாதைகளில் ஏறாது. அதனால் நம் ஊர் ஜூனிபர் கிரீக்கில் யார் எதை வரவழைத்தாலும் உங்கள் கடையின் பின்வாசலைத்தான் முகவரியாக எழுதுவார்கள். எனக்குப் பதினைந்து வயதில் நுண்ணோக்கி வந்ததும் அங்கேதான். அந்தக் கவுண்டரில் எதுவும் தொலைந்து நான் கேள்விப்பட்டதில்லை.

தீயில் அவனுடைய மற்ற துப்பாக்கிகள் எல்லாம் பெட்டகத்தோடு உருகிப் போயின. வண்டி இருக்கைக்குப் பின்னால் கிடந்த அப்பாவின் பழைய துப்பாக்கிதான் மிச்சம். அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் இப்போது கிடைப்பதில்லை.

கொரீன், அந்தப் பெட்டி வந்ததா?

தவறாக நினைத்திருந்தால் மன்னியுங்கள்.

அன்புடன்,
மைத்தே எச்சாவே


ஜூனிபர் கிரீக்
மார்ச் 22

மைத்தே,

உன் கடிதத்தை ஃபிளாய்ட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். “யுனிவர்சிட்டிலேருந்து கொரீனுக்கு லெட்டரா? டாக்டர் பட்டம் கிட்டம் குடுக்கறாங்களா?”

“ஆமா. உன்ன மாதிரி கழுதைங்கள முப்பது வருஷம் மேய்ச்சதுக்கு,” என்றேன்.

கழுதையை அவமானப்படுத்தாதே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நான் உறையை ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் உட்கார்ந்து படித்தேன்.

முழங்கால் அப்படியேதான். இங்கே இன்னும் விடியலில் தண்ணீர்த் தொட்டி உறைகிறது. தீப்பட்ட மேட்டில் புல் எட்டிப் பார்க்கிறது. மாடு விடும் அளவுக்கு இல்லை.

பெட்டி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். கன்று ஈனும் காலம், ஊரில் ஒருத்தனுக்கும் தூக்கம் இல்லை. அந்தச் சமயத்தில் உன் அண்ணன் தன் நாய் பெல்சாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வருகிறான். கூடவே அவளுடைய கிண்ணம், போர்வை. “கொஞ்ச நாள் பாத்துக்க, கொரீன்.” கன்று ஈனும் காலத்தில் மாட்டு நாயை யாராவது கொடுப்பானா? கையைக் கூடக் கொடுப்பான், நாயைக் கொடுக்கமாட்டான்.

“எங்க போற?” என்றேன்.

“எங்கயும் இல்ல.”

காபி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “நல்லாருக்கு, தேங்க்ஸ்,” என்றான். என் காபியைக் குடித்துவிட்டு உன் அண்ணன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. வழக்கமாக, “இதுல குளம்பு கழுவுனியா?” என்று கேட்பான். போகும்போது, “ஒரு பெட்டி வரும், எடுத்து வையி,” என்றான்.

இரண்டு நாளில் வந்தது. அனுப்பிய கடையின் பெயர் மேலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டேன், வழக்கம்போல் கறுப்புப் பேனாவால் பெட்டிமேல் ரேமன் என்று எழுதினேன், அதற்கப்புறம்தான் என் கை நின்றது. கவுண்டருக்கு அடியில், குடற்புழு மருந்துக்குப் பின்னால் தள்ளி, சாக்கைப் போட்டு மூடினேன்.

மறுநாள் வந்தான். “வந்துச்சா?”

“வரல.”

“நேத்து வண்டி நின்னுச்சே?”

“அது கோழித் தீவனம்.”

நான் பேசத் தெரிந்தவள் இல்லை, படித்தவளும் இல்லை. அதனால், “உன் நாய் தண்ணிகூடக் குடிக்கல. செத்துக் கித்துத் தொலைஞ்சா என்னைக் கேக்காத. நீயே வந்து ஊட்டு,” என்றேன்.

பச்சைப் பொய். நான் கொடுத்ததையெல்லாம் தின்று கிண்ணத்தையும் நக்கியிருந்தாள். ஆனால் அவன் தினமும் காலையில் வந்தான். கடை வாசலில் மண்டியிட்டு அவளுக்குக் கையால் ஊட்டினான். நான் விடியலில் ஒரு தடவை வயிறு முட்டப் போட்டிருப்பேன். அவன் வந்ததும் அவள் இரண்டாவது தடவை தின்பாள். போகும்போது பெட்டியைக் கேட்பான், நான் வரவில்லை என்பேன். கூரியர்க்காரனைத் திட்டிக்கொண்டே போவான். திட்டுகிற அளவுக்கு உயிர் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் நாயை உற்றுப் பார்த்துவிட்டு, “பட்டினி கெடக்கற நாய்க்கு எப்படித் தொப்பை போடும்?” என்றான். வாயோரம் கொஞ்சம் கோணியது. அன்றுதான், “முழங்காலக் காட்டணும், என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ,” என்றேன். இரண்டு மணி நேரம் ஓட்டினான். முழங்காலைக் காட்டினேன். பிறகு அவனை உள்ளே தள்ளிவிட்டுக் கதவருகே நின்றுகொண்டேன். முழங்கால் வலி உண்மை. அந்த மாதம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

எனக்கு நன்றி கின்றி சொல்லாதே. இன்னொருத்தன் பொருளைக் கையெழுத்துப் போட்டு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். அவனிடமும் சொல்லாதே. பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. புழு மருந்து எடுக்கக் குனியும்போதெல்லாம் அவன் பெயர் என்னைப் பார்க்கிறது.

கொரீன்


கோர்வாலிஸ்
மார்ச் 30

அன்புள்ள கொரீன்,

சொல்ல வேண்டாம் என்றீர்கள். சொல்கிறேன். நன்றி. பெட்டிக்கு, பெல்சாவுக்குப் போட்ட இரண்டு வேளைச் சோற்றுக்கு, முழங்காலுக்கு. கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். களிமண்ணைப் பற்றிப் பாடம். நடுவில் நின்றுவிட்டேன். ஒரு மாணவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தலைநகரில் ஒரு மசோதா வந்திருக்கிறதே, கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆன்லைனில் வாங்கும் தோட்டாவை இனி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. துப்பாக்கி விற்க உரிமம் பெற்ற கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். வாங்கியவர் நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் கடைசியில் சட்டமன்றக் குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. இங்கே பொதுச் சுகாதாரத் துறையில் இருக்கும் தோழி ஒருத்தி, நான் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டாள். மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். சட்டம் போட்டால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் குறைவு.

உங்கள் கடிதம் என்னை அசைத்துவிட்டது. என் தெருவில் வீட்டு வாசல்களில் பெட்டிகள் கிடக்கின்றன. பூனை மணல், பற்பசை, செருப்பு. அவற்றில் எதற்குள் தோட்டா இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கொண்டுவந்து போடுகிறவன் மணியைக்கூட அடிப்பதில்லை. ஒரு பெட்டிக்கும் அதை எடுப்பவனுக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கவுண்டர் சாட்சி. அதைத்தான் அந்தக் குழுவுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெயர் எதுவும் வராது, ஊர் வராது.

உங்கள் அனுமதி இல்லாமல் செய்யமாட்டேன்.

அன்புடன்,
மைத்தே


ஜூனிபர் கிரீக்
ஏப்ரல் 5

மைத்தே,

கூடாது.

அந்த மசோதாவை நான் படித்தேன். ஃபிளாய்டின் பேத்தி அச்செடுத்துக் கொடுத்தாள். கடையில் ஒரு வாரமாக அதே பேச்சு. “அடுத்தது கோழிக்கும் அடையாள அட்டை கேப்பானுங்க.” “உன் மூஞ்சிக்கு அட்டை குடுத்தா அட்டைக்குத்தான் அவமானம்.” இப்படியே போகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. காலுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு எதைப் பேசுவது?

ஆனால் உன்னிடம் பேசுகிறேன். உரிமம் பெற்ற கடை என்று எழுதியிருக்கிறார்களே, நான் உரிமம் பெற்ற கடையா? தீவனம், ஆணி, முள்கம்பி, புழு மருந்து. அதற்குத்தான் என்னிடம் உரிமம். இந்த மசோதா நிறைவேறினால் ஜூனிபர் கிரீக்கின் பெட்டிகள் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் பெரிய ஊருக்குப் போகும். அங்கே கவுண்டரில் நிற்கிறவன் நல்லவனாகவே இருக்கட்டும். அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான். உன் அண்ணன் முகமும் அட்டையில் இருக்கிற முகமும் ஒன்றுதான், அதில் ஒரு குறையும் தெரியாது. “இந்த நாள் நல்லா இருக்கட்டும் சார்,” என்று பெட்டியை நீட்டுவான். ரேமன் தன் நாயை யாரிடம் விட்டுவிட்டு வந்தான் என்று அவனுக்குத் தெரியுமா? என் காபியை ரேமன் புகழ்ந்தது அவனுக்குத் தெரியுமா?

நீ கேட்கிற சட்டம் பிப்ரவரியில் இருந்திருந்தால் அந்தப் பெட்டி என் கைக்கு வந்தே இருக்காது. போய் அதைச் சொல் உன் குழுவிடம்.

பெயர் சொல்லமாட்டேன் என்கிறாய். நேரலையில் காட்டுவார்களாம். வீடு எரிந்த, தனியாக வாழ்கிற, யுனிவர்சிட்டியில் தங்கச்சி இருக்கிற ஆள் இந்த ஊரில் எத்தனை பேர்? மாடுகளுக்கே தெரிந்துவிடும். இப்போதுதான் அவன் கடைக்குள் வந்து நின்று மற்றவர்களோடு சண்டை போடுகிறான். நாளைக்கு அவன் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொண்டு இரக்கத்தோடு பார்த்தால், அதற்கப்புறம் வரமாட்டான். வரவில்லையென்றால் எனக்கு எப்படித் தெரியும்?

தீ வந்தபோது மூன்று நாள் இருந்தாய். சாம்பலில் மண் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுக்கொண்டு போனாய். அது உன் வேலை, தெரியும். இவனை அப்படிக் குழாயில் போட்டுக் காட்டாதே.

கொரீன்


கோர்வாலிஸ்
ஏப்ரல் 11

அன்புள்ள கொரீன்,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன். கண்ணாடிக் குழாய் சரியான இடத்தில் குத்தியது. அந்த மண்ணில் எந்த விதை பிழைக்கும் என்று பார்க்கத்தான் எடுத்தேன், மழை தொடங்கியதும் வந்து ஒரு மூலையில் விதைத்தும் போனேன். அவன் பக்கத்தில் உட்காராமல் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான்.

தோழியிடம் சொல்லிவிட்டேன். ரேமனின் கதையை நான் சொல்லப்போவதில்லை.

உரிமத்தைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குத் தோன்றவேயில்லை. மசோதாவை மறுபடி எடுத்துப் படித்தேன். நீங்கள் சொல்வதுதான் சரி. எழுதியவர்கள் உங்கள் கடை மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். என் தெருவில் கொரீன் இல்லை. போர்ட்லண்டில் ஆயிரக்கணக்கான தெருக்களில் இல்லை. அங்கே அந்தக் கவுண்டர் பையனாவது நிற்கட்டுமே என்று தோன்றுகிறது. அவன் எதையும் கவனிக்காமல் போகலாம். நூறில் ஒருமுறை கவனிக்கவும் செய்யலாம். எது எத்தனை பேரைக் காப்பாற்றும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஒரு விஷயம், கோபப்படாதீர்கள். ரேமன் தன் நன்றியையெல்லாம் ஒரு சோம்பேறிக் கூரியர்க்காரனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், திட்டுகளோடு சேர்த்து. அது உங்களுக்குச் சேர வேண்டியது. நீங்களோ தினமும் குனிந்து அவன் பெயரைப் பார்க்கிறீர்கள். எவ்வளவு நாள் பார்ப்பீர்கள்? சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை முடிவுசெய்ய வேண்டியது நீங்கள்தான்.

இதோடு ஒரு பை ஹேஸல்நட் கொட்டை அனுப்பியிருக்கிறேன், இங்கே விளைந்தது. ஃபிளாய்டுக்குக் கொடுக்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்?

அன்புடன்,
மைத்தே


ஜூனிபர் கிரீக்
ஏப்ரல் 19

மைத்தே பெண்ணே,

ஹேஸல்நட் தீர்ந்துவிட்டது. ஃபிளாய்ட் ஓடுகளை என் தரையில் துப்பிவிட்டு, “படிச்சவங்க ஊர்ல கொட்டை நல்லாத்தான் காய்க்குது,” என்றான்.

ரேமனுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது.

வியாழக்கிழமை கூரியர் வண்டி பின்வாசலில் நின்றது. ஓட்டி வருகிறவன் டெரன்ஸ், ரொம்ப மென்மையான ஆள், வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ரேமன் பிப்ரவரியிலேயே கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறான், நமக்கெல்லாம் தெரியாமல். டெரன்ஸை மேலிடத்தில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவன் வண்டியிலிருந்து இறங்கிய உடனே உன் அண்ணன் ஆரம்பித்துவிட்டான். பெட்டி வராதது நல்லதாம், ஆனால் திருட்டு திருட்டுதானாம்.

“என் பெட்டிய எங்கடா வித்த?”

டெரன்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “சார், நான் கொண்டுவந்து குடுத்தேன். அம்மாதான் கையெழுத்துப் போட்டாங்க. வேலையே போயிரும்போல இருக்கு சார்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். மைத்தே, அவன் என்னைக் குற்றம் சொல்லக்கூட இல்லை. எனக்கு ஞாபகம் வரும் என்று பார்த்தான்.

நான் போய்ச் சாக்கை விலக்கி, பெட்டியை எடுத்துவந்து தீவன மூட்டைமேல் வைத்தேன். கறுப்புப் பேனாவில் ரேமன். நல்லவேளை, ஃபிளாய்ட் முன்பக்கம் காபியோடு இருந்தான்.

ரேமன் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னை. பிறகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பெல்சா வந்து அவன் காலில் தலையை வைத்தாள்.

“நாய் பட்டினி கெடந்துச்சுன்னு சொன்னியே?” என்றான் கடைசியில்.

“அதுவும் பொய்தான்.”

“முழங்கால்?”

“அது நெஜம்.”

தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை, அவனுக்கே தெரிந்திருக்காது. டெரன்ஸ் மெதுவாகப் போய் வண்டிக் கதவுகளைத் தேவையில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தான். எழுந்து வந்த ரேமன் என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை, பயப்படாதே. “ரெண்டு மாசமா இந்த மனுசன என்னை எவ்ளோ கேவலமாத் திட்ட வச்ச,” என்றான். கம்பெனிக்கு அங்கேயே போன் போட்டான். “பெட்டி கெடச்சிருச்சு. தப்பு எங்க பக்கம். அந்த ஆள் தங்கம்,” என்று கத்தினான். மறுநாள் டெரன்ஸுக்கு ஒரு முழு ஆட்டுத் தொடை போனது. பதினாறு பேர் சாப்பிடலாம்.

பெட்டியை நீட்டினேன். அது அவனுடையது, அவன் கேட்டால் கொடுத்திருப்பேன்.

வாங்கவில்லை. “நீயே வச்சிரு. நான் வந்து கேட்டாலும் வரலன்னு சொல்லு,” என்றான். உங்கள் அப்பாவின் துப்பாக்கியையும் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அது இப்போது என் வீட்டு அலமாரியில் பூட்டியிருக்கிறது. போகும்போது காபி குடித்தான். “சீ, இது என்ன?” என்றான். எனக்கு உயிர் வந்தது.

“மைத்தேக்குத் தெரியுமா?” என்று கேட்டான். தெரியும், தலைநகரில் பேசவும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். “பேசப்போறாளா?” என்றான். நான் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன்.

“நீ யாரு சொல்ல? அது என் கதைதான?” என்றான்.

அதனால் என் ‘கூடாது’வைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இனி அவனைக் கேள். கண்ணாடிக் குழாய் என்று எழுதியதையும் எடுத்துக்கொள்கிறேன். நீ விதை போட்டுவிட்டுப் போன அந்த மூலையில் புல் கணுக்கால் உயரம் வந்துவிட்டது.

கொரீன்


கோர்வாலிஸ்
ஏப்ரல் 28

அன்புள்ள கொரீன்,

புல்லைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

நாளைக் காலை குழு கூடுகிறது. ரேமனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். “பேசு. ஆனா மசோதா அரைகுறை, அதையும் சொல்லு,” என்றான். என் பெயரைச் சொல்லாதே என்றான். ஊரையும் சொல்லாதே என்றான். பிறகு, “கொரீன் காபிய மட்டும் சொல்லு, நாட்டு மக்கள் எச்சரிக்கையா இருக்கட்டும்,” என்றான்.

ஆளுக்கு இரண்டு நிமிடம். பதிவு செய்யும்போது ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று கேட்டார்கள். நடுநிலை என்று சொன்னேன். என் தோழிக்கு வருத்தம். எனக்கு நடுவில் நிற்பதாகத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் நிற்பதாகத்தான் தோன்றுகிறது, அதற்கு அங்கே இடம் இல்லை.

நான் உங்களுக்கு முதலில் எழுதிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யாருக்கு நன்றி என்று தெரியும். இப்போது வேறொன்று தெரியவில்லை. நீங்கள் செய்ததை ஒரு சட்டத்தில் எப்படி எழுதுவது? வாங்கியவரின் பொருளை, அவரிடம் பொய் சொல்லி, ஒரு நாயின் உதவியோடு மறைத்து வைக்கலாம் என்று எழுத முடியுமா? மேஜையில் இந்தத் தாளும் நாளைய இரண்டு நிமிடமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இதை நாளை முடித்துவிட்டு அஞ்சலில் போடுகிறேன்.

ஏப்ரல் 29

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என் பெயரைக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அறையின் பின்கதவு திறந்தது. ரேமன். மாநிலத்தின் அந்தக் கோடியிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்திருக்கிறான். திருமணத்துக்குப் போடும் சட்டை, சேறு காயாத பூட்ஸ். நான் மேஜைக்குப் போனதும் அவனும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

தலைவர் கேட்டார், “இவர் யார்?”

“என் அண்ணன்.”

“பெயர் பதிவு செய்திருக்கிறாரா?”

“இல்லை.”

“அப்படியென்றால் பேச முடியாது. உட்காரலாம்.”

தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் படித்தேன். ஒரு சிறிய ஊர், ஒரு கடை, ஒருவர் வரவழைத்த பெட்டி, வரவில்லை என்று சொன்ன ஒரு பெண். காபியையும் சொன்னேன், இரண்டு பேர் சிரித்தார்கள். பெட்டிக்கும் மனிதனுக்கும் நடுவில் யாராவது நிற்பது நல்லது, ஆனால் இந்த மசோதா அந்தப் பெண்ணையே அகற்றிவிடும். உரிமக் கடை எட்டாத ஊர்களில், இதுவரை பெட்டிகளை வாங்கி வைத்துவரும் கடையே வாங்கி வைக்கட்டும் என்றேன்.

ஓர் உறுப்பினர் கேட்டார்: “அந்தக் கடைக்காரர் செய்தது சட்டப்படி சரியா?”

“சரியாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.”

“பெட்டியை வரவழைத்த அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் ரேமன் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. “அந்த ஆள் நான்தான்,” என்றான்.

தலைவர் ஒழுங்கைக் காக்கும்படி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரேமன் கையை இறக்கிக்கொண்டான். இரண்டு நிமிடம் முடிந்ததற்கான விளக்கு எரிந்தது. நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி கூடுகிறார்கள். நான் சொன்ன திருத்தத்தைக் குறித்துக்கொண்டார்களா என்று தெரியாது. நடைபாதையில் மசோதாவை எதிர்க்கும் உறுப்பினர் ஒருவரும் ஆதரிக்கும் ஒருவரும் தனித்தனியாக வந்து ரேமனிடம் கை கொடுத்தார்கள்.

உங்கள் கடைக்குப் போன் செய்தோம். எப்போது அடித்தாலும் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். “எல்லாப் பயலும் கவுண்டர்ல நின்னு நேரலையப் பாத்திருப்பானுங்க. ஊருக்குப் போனா ஃபிளாய்ட் என்னை என்ன பாடு படுத்தப்போறான் பாரு,” என்றான் ரேமன். சொல்லும்போது அவன் முகத்தில் பயம் இல்லை.

பெல்சாவை வண்டியில் கூட்டி வந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் கிண்ணத்தில் சோறு வைத்தோம். முகர்ந்து பார்த்தாள், தொடவில்லை. உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவன் கையால் கொடுத்தால்தான் தின்கிறாளாம். “இது கொரீன் பண்ண வேலை,” என்று முனகிக்கொண்டே என் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, பிடிப்பிடியாக ஊட்டினான். கிண்ணம் காலியானதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவனும் சாப்பிட்டான்.

மைத்தே